ஐந்து வாரக் குழந்தையின் துணி

சாவும் சட்டமும்: வரலாற்றுத் தொடர் – 7

1511 மார்ச் மாதம். லண்டன் நகர மதிலுக்குக் கிழக்கே, வைட்சாப்பல் பங்கில் ஒரு கைக்குழந்தை இறந்தது. பெயர் ஸ்டீபன். பிறந்து ஐந்தே வாரம். புனித மரியா மாட்ஃபெலன் ஆலயத்தின் பங்குக் குரு தாமஸ் டிரைஃபீல்ட், குழந்தையின் தகப்பனிடம் ஒரு துணியைக் கேட்டார். ஞானஸ்நானத்துக்கு எடுத்துவந்தபோது குழந்தையைச் சுற்றியிருந்த துணி அது. பங்கில் யார் இறந்தாலும் அவர் உடைமையில் ஒன்று குருவுக்குச் சேர வேண்டும் என்பது வழக்கம். அந்த வழக்கத்துக்கு மார்ச்சுவரி என்று பெயர்.

தகப்பன் ரிச்சர்ட் ஹன் தர மறுத்தார்.

இன்று மார்ச்சுவரி என்றால் நமக்குத் தெரிவது ஓர் அறை. அரசு மருத்துவமனையின் பின்கட்டில் பலகை பிணவறை என்று சொன்னாலும், வாசலில் காத்து நிற்கும் சொந்தக்காரர்கள் வாயில் வருவது மார்ச்சுவரிதான். ஹன் காலத்து லண்டன்வாசிக்கு அந்தச் சொல் ஓர் அறையை நினைவூட்டியிருக்காது. சாவு விழுந்த வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் மாட்டையோ, மேலங்கியையோ, பித்தளைப் பாத்திரத்தையோதான் நினைவூட்டியிருக்கும். ஒரு வரியின் பெயர் எப்படி ஓர் அறையின் பெயரானது என்பதைச் சொல்ல, முதலில் லத்தீனுக்குப் போக வேண்டும்.

லத்தீனில் 'மோரி' என்றால் சாதல். 'மோர்ட்டுவஸ்' என்றால் செத்தவர். 'மோர்ட்டுவாரியஸ்' என்றால் செத்தவரைச் சார்ந்தது. ரோமப் பேரரசு போய், லத்தீன் திருச்சபையின் எழுத்து மொழியாக மட்டும் நின்ற இடைக்காலத்தில், இந்த உரிச்சொல்லைக் குருமார்கள் பெயர்ச்சொல்லாக்கினார்கள். 'மோர்ட்டுவாரியம்' என்றால் செத்தவரின் உடைமையிலிருந்து ஆலயத்துக்கு வர வேண்டிய பங்கு. நார்மன்களின் பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குள் வந்தது. வரும்போது அதற்கு இந்த ஒரு பொருள்தான்.

சாவுக்குக் காசு வாங்குவது திருச்சபையோடு தொடங்கியதில்லை. பழைய ரோமில் ஈமக்கிரியைகளுக்கென்றே லிபிட்டினா என்றொரு தெய்வம் இருந்தாள். அவள் தோப்பில்தான் அடக்கத்துக்கு வேண்டிய சாமான்கள் கிடைக்கும், ஆட்களும் அமர்த்தலாம். நகரில் யார் இறந்தாலும் அவள் கருவூலத்தில் ஒரு நாணயம் செலுத்த வேண்டும் என்று சேர்வியஸ் துல்லியஸ் மன்னர் விதித்ததாக டயோனிசியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதுகிறார். நீரோ காலத்துக் கொள்ளைநோயில் ஒரே இலையுதிர்காலத்தில் 30,000 சாவுகள் லிபிட்டினாவின் கணக்கில் ஏறின என்பது சூட்டோனியஸ் தரும் தகவல். ஆனால் அந்த நாணயத்தின் நோக்கம் தலைக்கணக்கு. எத்தனை பேர் இறந்தார்கள் என்று அரசன் தெரிந்துகொள்ள அது உதவியது. இங்கிலாந்தின் மோர்ட்டுவாரியம் இறந்தவரின் கடனைத் தீர்க்க வந்தது.

என்ன கடன்? தசமபாகம். விளைச்சலில் பத்தில் ஒன்று ஆலயத்துக்கு என்பது சட்டம். வாழ்நாள் முழுக்கக் கொடுத்தவனும் எங்கோ ஒரு பொதியை மறந்திருப்பான், ஒரு கோழிக்குஞ்சைக் கணக்கில் விட்டிருப்பான். அந்தப் பாக்கியோடு கடவுள் முன் போய் நிற்பது ஆன்மாவுக்கு நல்லதில்லை. ஆகவே, மறந்துபோன தசமபாகத்துக்கு ஈடாக இறந்தவர் சார்பில் ஒரு பொருள். இதுதான் குருமார்கள் சொன்ன நியாயம். இதன் வேர் நார்மன்கள் வருவதற்கு முன்பே இருந்தது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதெல்ரெட், கனூட் ஆகிய மன்னர்களின் சட்டங்களில் 'ஆன்மப் பணம்' என்றொரு செலுத்துகை வருகிறது. குழி மூடப்படும் முன்பே அதைக் கொடுத்துவிடுவது நல்லது என்கின்றன அந்தச் சட்டங்கள்.

நம்பிக்கையோடு கொடுத்த காணிக்கை, இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் கேட்டு வாங்கும் உரிமையாக இறுகிப்போனது. கிராமத்தில் ஒரு குடியானவன் இறந்தால் முதலில் பண்ணையாருக்கு ஒரு பங்கு உண்டு. தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாட்டை அவர் ஓட்டிக்கொண்டு போவார். அடுத்து நல்லதாக நிற்கும் மாடு ஆலயத்துக்கு. 14ஆம் நூற்றாண்டில் கேன்டர்பரி பேராயர் சைமன் லாங்கம் இந்த வரிசையையே விதியாக எழுதினார். மாடில்லாத வீட்டில் இறந்தவர் உடுத்திய நல்ல அங்கி போகும். அந்த வீட்டின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏர் பிடித்த கை போய்விட்டது. அடுத்த உழவுக்குள் ஏர் இழுக்கும் மாடும் இரண்டு போய்விடுகிறது. விதவையும் பிள்ளைகளும் மிச்சத்தில் நிற்கிறார்கள். ஒரு குடும்பம் தன்னால் எதிர்த்துப் பேச முடியாத நாளைப் பார்த்து வாங்கப்பட்ட வரி இது. அதனால்தான் மற்ற எந்தத் திருச்சபைக் கட்டணத்தையும்விட இதை மக்கள் கசப்போடு நினைவில் வைத்திருந்தார்கள் என்பது என் எண்ணம்.

இப்போது ரிச்சர்ட் ஹன்னிடம் வருவோம்.

அவர் ஏழையில்லை. லண்டனின் தையல் வணிகர் சங்கத்தைச் சேர்ந்த வசதியான வியாபாரி. ஒரு துணி போவதால் அவர் குடும்பம் பட்டினி கிடக்கப் போவதில்லை. அவர் எழுப்பியது சட்டக் கேள்வி. மார்ச்சுவரி இறந்தவரின் சொத்திலிருந்து வர வேண்டியது. ஐந்து வாரக் குழந்தைக்குச் சொத்து ஏது? அந்தத் துணி குழந்தையுடையது அல்ல, ஆகவே குருவுக்கு அதில் உரிமையில்லை. இவ்வளவுதான் அவர் வாதம். பணம் உள்ளவர் ஒருவர், சட்டம் அறிந்தவர், துணிந்து நின்றார். மாட்டை இழந்த விதவை யாருக்கும் இந்த வழக்கை நடத்த வசதி இருந்திருக்காது.

டிரைஃபீல்ட் ஓராண்டு கழித்து, 1512இல், லாம்பெத்தில் பேராயரின் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். விசாரித்தவர் கத்பர்ட் டன்ஸ்டல். பின்னாளில் லண்டன் ஆயராகவும் டர்ஹாம் ஆயராகவும் உயர்ந்தவர். தீர்ப்பு குருவுக்குச் சாதகமாக வந்தது. துணியின் கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி, கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள், ஹன் அதே வைட்சாப்பல் ஆலயத்துக்கு மாலை வழிபாட்டுக்குப் போனார். உதவிக் குரு ஹென்றி மார்ஷல் வழிபாட்டை நிறுத்தினார். ஹன் சபிக்கப்பட்டவர், அவர் வெளியேறும்வரை வழிபாடு நடக்காது என்று எல்லோர் முன்பும் சொன்னார்.

ஒரு வியாபாரிக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதை ஊர் விலக்கம் பார்த்தவர்கள் அறிவார்கள். சபையால் விலக்கப்பட்டவனோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஹன் 1513 ஜனவரியில் மார்ஷல்மீது மன்னரின் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். அதோடு நிற்கவில்லை. டிரைஃபீல்டும் அவரோடு சேர்ந்தவர்களும் பிரமுனைரி சட்டத்தை மீறினார்கள் என்று இன்னொரு வழக்கும் போட்டார். அது 14ஆம் நூற்றாண்டுச் சட்டம். மன்னரின் நீதிமன்றத்துக்கு உரிய விவகாரத்தை ரோமின் அதிகாரத்தில் இயங்கும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவரின் சொத்தைப் பறிமுதல் செய்து சிறையில் தள்ள அது வழி செய்தது. ஒரு துணிக்காகத் தொடங்கிய வழக்கு, இங்கிலாந்தில் திருச்சபை நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டா என்ற இடத்துக்கு வந்துவிட்டது. மன்னரின் நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லாமல் தவணைக்கு மேல் தவணை தந்துகொண்டிருந்தார்கள்.

1514 அக்டோபரில் ஹன் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு, அவர் பதிதர் என்பது. சபையின் போதனைக்கு மாறாக நம்புகிறவர், விக்ளிஃப் வழியினர் ஆங்கிலத்தில் பெயர்த்த வேதாகமத்தை வைத்திருப்பவர் என்றார்கள். புனித பவுல் பேராலயத்தை ஒட்டிய லொல்லார்டு கோபுரத்தில் அடைத்தார்கள். டிசம்பர் 2ஆம் தேதி ஃபுல்ஹாமில் லண்டன் ஆயர் ரிச்சர்ட் ஃபிட்ஜேம்ஸ் அவரை விசாரித்தார். டிசம்பர் 4ஆம் தேதி காலை, கோபுர அறையில் ஹன் தூக்கில் தொங்கிக்கொண்டிருந்தார்.

தற்கொலை என்றது ஆயர் தரப்பு. லண்டன் கொரோனர் தாமஸ் பார்ன்வெல் 24 ஜூரிகளோடு கோபுரம் ஏறினார். அவர்கள் கண்டதை எழுதிவைத்தது பின்னாளில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கிறது. 500 ஆண்டு கழித்தும் அதன் நுணுக்கம் வியக்க வைக்கிறது. உடல் சுவரில் இருந்த இரும்புக் கொக்கியில் அவருடைய சொந்தப் பட்டு இடைக்கச்சையால் தொங்கியது. முகம் சாந்தமாக, கண்ணும் வாயும் மூடி, தலைமுடி வாரி, தொப்பி அணிந்து. மூக்கிலிருந்து நான்கு சிறு துளி இரத்தம் தவிர முகத்திலோ உடையிலோ கறையில்லை. ஆனால் தொங்கிய இடத்திலிருந்து தள்ளி, அறையின் ஒரு மூலையில் ஏராளமான இரத்தம். கழுத்து முறிந்திருந்தது. பட்டுத் துணியால் வர முடியாத அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. ஏறி நின்றதாகச் சொல்லப்பட்ட முக்காலி படுக்கையின் மேல், ஒருவர் ஏறினால் சரியும்படி இருந்தது. மெழுகுவத்தி அணைக்கப்பட்டு எட்டாத தூரத்தில் இருந்தது. ஜூரிகள் முடிவுக்கு வந்தார்கள்: முதலில் கொன்றுவிட்டு, பிறகு தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆயரின் சான்சலர் வில்லியம் ஹோர்சி, நீதிமன்றச் சேவகர் சார்லஸ் ஜோசஃப், மணியடிப்பவர் ஜான் ஸ்பால்டிங் ஆகிய மூவரும் கொலைகாரர்கள் என்றார்கள்.

இறந்த உடலைப் பார்த்து, தடயத்தை அளந்து, சாவின் காரணத்தை எழுத்தில் வைப்பது பின்னாளில் மார்ச்சுவரி என்ற அறைக்குள் நடக்கப்போகும் வேலை. மார்ச்சுவரி என்ற வரிக்கு எதிராக நின்றவரின் உடலுக்கு அந்த வேலை நடந்தது, அவர் செத்துக் கிடந்த சிறையறையிலேயே.

ஆயர் தரப்பு வேறு வழியில் போனது. பிணத்தின்மேல் விசாரணை வைத்து, ஹன் பதிதரே என்று தீர்ப்புச் சொன்னார்கள். டிசம்பர் 20ஆம் தேதி ஸ்மித்ஃபீல்டில் அவர் உடலை எரித்தார்கள். பதிதரின் சொத்து பறிபோகும், ஆகவே ஹன்னின் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். 1515 பாராளுமன்றத்தில் மக்களவை அந்தச் சொத்தைத் திருப்பித்தர மசோதா நிறைவேற்றியது. பிரபுக்கள் அவை நிராகரித்தது. லண்டன் ஜூரி கையில் சிக்கினால் தன் சான்சலர் நிரபராதியாக இருந்தாலும் தப்ப மாட்டார் என்று ஃபிட்ஜேம்ஸ் கார்டினல் வுல்சியிடம் மன்றாடினார். கடைசியில் ஹோர்சி குற்றமற்றவர் என்று சொன்ன வாதத்தை அரசுத் தரப்பு அப்படியே ஏற்றுக்கொண்டது. அவர் லண்டனை விட்டு எக்ஸெட்டருக்குப் போய்விட்டார்.

ஹன் கொல்லப்பட்டாரா, தானே செத்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தாமஸ் மூர் 1529இல் எழுதிய நூலில் தற்கொலைதான் என்று வாதாடுகிறார். சைமன் ஃபிஷ் அதே காலத்தில் வெளியிட்ட துண்டு நூலில் ஹன்னைத் திருச்சபையின் பலியாக முன்நிறுத்துகிறார். ஜூரிகள் விட்டுச்சென்ற தடயங்களைப் படிக்கும் எனக்கு மூரின் வாதம் ஒட்டவில்லை. எப்படியானாலும், லண்டன் மக்கள் அப்போதே தீர்மானித்துவிட்டார்கள். 15 ஆண்டு கழித்தும் அந்தப் பெயரை அவர்கள் மறக்கவில்லை.

1529 நவம்பரில் எட்டாம் ஹென்றி கூட்டிய பாராளுமன்றத்தில் அந்த நினைவு சட்டமாயிற்று. அந்த அவையில் உறுப்பினராக இருந்த எட்வர்ட் ஹால் எழுதிவைத்த குறைகளின் பட்டியலில் மார்ச்சுவரி முக்கியமான ஒன்று. இறந்தவனுக்கு இருந்தது ஒரே பசு என்றாலும் அதையும் ஓட்டிப் போகிறார்கள், அவன் பிள்ளைகள் பசியால் சாவதைப் பொருட்படுத்துவதில்லை என்பது உறுப்பினர்களின் ஆத்திரம். பிறந்த சட்டம் இப்படிச் சொன்னது: இறந்தவரின் அசையும் சொத்து 10 மார்க்குக்குக் குறைவானால், அதாவது 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸுக்குக் கீழே இருந்தால், எதுவும் வாங்கக் கூடாது. அதற்கு மேல் 30 பவுண்டு வரை 3 ஷில்லிங் 4 பென்ஸ். 30 முதல் 40 பவுண்டு வரை 6 ஷில்லிங் 8 பென்ஸ். அதற்கும் மேலே எவ்வளவு இருந்தாலும் 10 ஷில்லிங்தான். மாடும் இல்லை, அங்கியும் இல்லை, பணம் மட்டும். கணவன் உயிரோடிருக்கும் மனைவி இறந்தால் வாங்கக் கூடாது. வழிப்போக்கன் இறந்தால் வாங்கக் கூடாது. குழந்தை இறந்தால் வாங்கக் கூடாது.

சட்டத்தில் ஹன்னின் பெயர் இல்லை. இருக்கவும் முடியாது; திருச்சபையின் கண்ணில் அவர் பதிதர். ஆனால் லாம்பெத்தில் தோற்ற அவர் வாதம் 17 ஆண்டில் நாட்டின் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

அதன்பின் இந்த வரி வேகமாக மெலிந்தது. வழக்கம் இருந்த பங்குகளில் 18ஆம் நூற்றாண்டிலும் அந்தச் சில ஷில்லிங்குகள் வருமானப் பட்டியலில் வந்துகொண்டிருந்தன. வேல்ஸில் தலைகீழாக, ஒரு குரு இறந்தால் ஆயருக்கு மார்ச்சுவரி போகும் வழக்கம் நீடித்தது. அதை 1713இல் பாராளுமன்றம் நீக்கியது. செஸ்டர் மறைமாவட்டத்தில் 1755இல் நீங்கியது. 1760களில் பிளாக்ஸ்டன் தன் சட்ட விளக்கவுரையில் இதைப் பழைய பண்ணை உரிமைகளின் பக்கத்தில் வைத்து விளக்குகிறார். அந்தச் சொல் கிட்டத்தட்ட ஓய்வுபெற்றுவிட்டது.

அது திரும்ப வந்த காரணம் நெரிசல். 1801இல் ஏறத்தாழ 10 லட்சமாக இருந்த லண்டன் மக்கள்தொகை 1851இல் 23 லட்சத்தைத் தாண்டியது. எட்வின் சாட்விக் 1843இல் நகரங்களின் அடக்க முறைகளைப் பற்றித் தந்த அறிக்கையில் தொழிலாளர் குடும்பங்களின் ஒற்றை அறைகளுக்குள் நம்மை அழைத்துப்போகிறார். அடக்கச் செலவுக்குப் பணம் திரட்டும்வரை பிணம் அந்த அறையிலேயே கிடக்கும், ஒரு வாரம்கூட ஆகும். அதே அறையில் சமையல், சாப்பாடு, தூக்கம். இறந்தது தொற்றுநோயாலென்றால் அடுத்த சாவு அங்கேயே காத்திருக்கும். ஜெர்மனியில் பிராங்பர்ட்டிலும் மியூனிக்கிலும் இறந்தவரை அடக்கம்வரை வைக்கப் பொதுக் கட்டடங்கள் இருந்தன. அவை தொடங்கியது வேறொரு அச்சத்தில்: உயிரோடு புதைத்துவிடுவோமோ என்ற பயம். மருத்துவர் ஹூஃபெலாந்தின் தூண்டுதலில் வைமாரில் 1790களில் அப்படி ஒன்று எழுந்தது. விரல் அசைந்தால் மணி அடிக்கும்படி நூல் கட்டிக் காவலாள் காத்திருப்பது அவற்றின் வழக்கம். சாட்விக் பயத்தை விட்டுவிட்டு, கட்டடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட இடத்துக்கு 'செத்தவர் வீடு' என்று பச்சையான ஒரு பெயர் ஏற்கனவே இருந்தது. ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய பணிமனைகளின் பின்புறக் கொட்டகைகளை அப்படித்தான் சொல்வார்கள். ஏழைகள் அந்தப் பெயரைக் கேட்டாலே தங்கள் பிணத்தை அனுப்ப மறுத்தார்கள். அப்போதுதான், 1860களில், பழைய லத்தீன் சொல் புது வேலைக்கு வந்தது. கேட்கக் கண்ணியமாக இருந்தது. அதன் பழைய பொருளை நினைவில் வைத்திருந்தவர்கள் வழக்கறிஞர்கள் மட்டுமே. 1866 சுகாதாரச் சட்டம் உள்ளாட்சிகள் பிணங்களை வைக்க இடம் அமைக்கலாம் என்றது. 1875 பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 141ஆம் பிரிவு, அடக்கத்துக்கு முன் உடல்களை வைக்கும் அந்த இடத்துக்கு மார்ச்சுவரி என்றே சட்டப் பெயர் சூட்டியது. தொற்றுநோயால் இறந்தவரின் உடலை, மனிதர் வசிக்கும் அறையிலிருந்து எடுத்து அங்கே கொண்டுபோக நீதிபதி உத்தரவிடலாம் என்றது அடுத்த பிரிவு. எடுக்கப்படுவது இப்போது மாடோ துணியோ அல்ல, உடலே. உயிரோடு இருப்பவர்களைக் காப்பதற்காக.

சட்டம் வந்தது, கட்டடம் எல்லா இடத்திலும் வரவில்லை. 1888 ஆகஸ்ட் 31ஆம் தேதி அதிகாலை, வைட்சாப்பலின் பக்ஸ் ரோ தெருவில் மேரி ஆன் நிக்கல்ஸ் கொலையுண்டு கிடந்தார். உடலைக் கொண்டுபோன இடம் ஓல்ட் மான்டேகு தெருவில் இருந்த பணிமனைக் கொட்டகை. டிரைஃபீல்ட் துணி கேட்ட ஆலயத்திலிருந்து அது சில நிமிட நடை. மருத்துவர் முழுதாகப் பரிசோதிக்கும் முன்பே பணிமனைவாசிகள் இருவர் ஆடைகளைக் களைந்து உடலைக் கழுவிவிட்டார்கள். எட்டு நாள் கழித்து ஆனி சாப்மனின் உடலும் அதே கொட்டகைக்குப் போனது. கழுவலும் அதே போல. விசாரணை நடத்திய கொரோனர் வின் பாக்ஸ்டர் கோபத்தை மறைக்கவில்லை. வைட்சாப்பலில் மார்ச்சுவரியே இல்லை, இது வெறும் பணிமனைக் கொட்டகை, இவ்வளவு பெரிய பகுதிக்கு முறையான இடம் ஒன்று இல்லாதது அவமானம் என்று ஜூரிகள் முன் பதிவு செய்தார். மூன்று ஆண்டில், 1891இல் வந்த லண்டன் பொதுச் சுகாதாரச் சட்டம், மார்ச்சுவரி அமைப்பதை லண்டன் உள்ளாட்சிகளின் விருப்பத்துக்கு விடாமல் கடமையாக்கியது.

இதே காலத்தில் பாரிஸ் வேறொரு வழியில் போயிருந்தது. அடையாளம் தெரியாத உடல்களைக் கண்ணாடிக்குப் பின்னால் கிடத்தி, பொதுமக்களை வரிசையில் வந்து பார்க்க விட்டது. 1907 வரை திறந்திருந்த அந்தக் கண்ணாடி அறையைப் பற்றி அடுத்த வாரம்.